குச்சிக்கிழங்குத் தோலில் கோழித்தீவனம் தயாரிப்பது எப்படி?

கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனத்துக்கே போய்விடுகிறது. மக்காச்சோளம் விலை ஏறும்போதெல்லாம் வீட்டில் இருபது, முப்பது நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்குக் கையைக் கடிக்கிறது. மறுபக்கம், சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் மரவள்ளியின் தோல், சிப்ஸ் போடும் இடங்களிலும் ஆலைகளிலும் குவிந்து அழுகுகிறது. பதப்படுத்தினால் அது மக்காச்சோளத்தின் ஒரு பகுதிக்கு ஈடாகும். ஒரு பகுதிக்கு மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். தோலில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு.

பச்சைத் தோலை அப்படியே கோழிக்குப் போடவே கூடாது. கிழங்கின் சதையைவிடத் தோலில்தான் சயனைடை வெளியிடும் பொருள் அதிகம். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் முக்கியமாக அந்த நஞ்சைப் போக்கவே.

1. சேகரித்தல். அன்று உரித்த தோலாக வாங்குங்கள். கறுத்தது, பூசணம் பிடித்தது வேண்டாம். மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

2. துருவுதல். இதுதான் செய்முறையின் உயிர். தோலைத் துருவியோ உரலில் இடித்தோ கூழாக்கும்போது, அதன் திசுக்கள் உடைந்து உள்ளேயிருக்கும் நொதி நஞ்சின் மூலப்பொருளோடு கலக்கிறது. அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் சயனைடு காற்றோடு ஆவியாகிவிடுகிறது. முழுத் தோலாகவே காயவைத்தால் இது அரைகுறையாகத்தான் நடக்கும். ஆகவே சோம்பல் படாமல் நன்றாக நசுக்குங்கள். காற்றோட்டமான திறந்த வெளியில் செய்யுங்கள்.

3. பிழிதல். கூழைக் கோணிப்பையில் கட்டி, மேலே கனமான கல்லேற்றி ஓரிரவு விடுங்கள். வடியும் நீரை ஆடுமாடுகள் குடிக்க விடாதீர்கள். குட்டையிலும் கலக்க வேண்டாம். நைஜீரியாவின் இபாதான் நகரில் ஆராய்ச்சியாளர்கள் செம்மைப்படுத்திய முறையும் இதே துருவல், பிழிதல் வழிதான். அங்கே ஏறத்தாழ மூன்று டன் ஈரத்தோலில் ஒரு டன் உலர்ந்த தீவனம் கிடைக்கிறது.

4. காயவைத்தல். கட்டிகளை உதிர்த்து, தார்ப்பாயில் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். அடிக்கடி கிளறிவிட வேண்டும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் ஆகும். கையில் எடுத்து அழுத்தினால் ஒட்டாமல் சரசரவென்று உதிர வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அது கோழியின் ஈரலைக் கெடுக்கும். பூசண நாற்றம் அடித்தால் தயங்காமல் புதைத்துவிடுங்கள்.

5. சலித்தல். நன்றாகச் சலித்து, மாவைக் கோழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே நிற்கும் நார்ச்சக்கை மாட்டுக்கு உதவும்.

6. கலத்தல். வளர்ந்த நாட்டுக்கோழிகளுக்குப் பத்து கிலோ கலவை: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, தோல் மாவு 1 கிலோ, தவிடு 1.5 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1.5 கிலோ, கம்பு 800 கிராம், உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 700 கிராம், கிளிஞ்சல் தூள் 300 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். புரதம் சுமார் 16 விழுக்காடு வரும். கருவாட்டைச் செலவென்று கழித்துவிடாதீர்கள். மிஞ்சியிருக்கும் சிறிதளவு நஞ்சை முறிக்கக் கோழியின் உடல் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களைச் செலவழிக்கிறது; மீன் அதை ஈடுகட்டும். உப்புக் கருவாடு ஆகாது.

தோல் மாவு மிக நுண்மையானது, தூசி பறக்கும். வைக்கும்போது சிறிது தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். பிசறியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். முதல் வாரம் பழைய தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கு இது வேண்டாம்.

முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சலைத் தனித் தட்டிலும் வையுங்கள். மக்காச்சோளம் குறையும் அளவுக்கு மஞ்சள் கரு வெளிறும். முருங்கைக் கீரை, அசோலா, அகத்தி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தினமும் ஒரு கை போட்டால் நிறம் திரும்பிவிடும்.