ராமேசுவரம் தீவில் ஏழு நாள்

சென்னையிலிருந்து வரும் சித்தி பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வராதீர்கள். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் வரத்து குறைந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி சரியாக இருக்கும். பனங்கிழங்கும் அப்போதுதான்.

கோயில் வாசல் கூட்டம் வேண்டாமென்றால் தங்கச்சிமடத்தில் அறை எடுங்கள். கோயிலின் 22 தீர்த்தங்களுக்கு ஒரு காலைப் பொழுது போதும், மாற்றுத்துணி மறக்காதீர்கள்.

நடக்க ஆசையா? கந்தமாதன பர்வதம் பெயருக்குத்தான் மலை, உண்மையில் மணல்மேடு. நிஜமான நடை தனுஷ்கோடியில்: முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். 1964 புயலில் சிதைந்த சர்ச் வழியில் நிற்கும். நிழலே கிடையாது. ஒருமுறை பத்து மணிக்கு ரப்பர் செருப்போடு கிளம்பிக் குதிகால் கொப்பளித்து, யாரோ ஒருவர் வேனில் திரும்பினேன். விடியலில் நடங்கள், திரும்பப் பஸ் ஏறுங்கள்.

வடக்கே பாக் நீரிணை அடக்கமானது, அதனால் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். இரண்டும் மோதும் அரிச்சல்முனையில் இறங்கவே கூடாது. குளிக்கப் பாலம் தாண்டி அரியமான் போங்கள், சவுக்கு நிழலும் உண்டு.

இரண்டு நாளாவது சாப்பாட்டுக்கென்றே ஒதுக்குங்கள். தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் செவுள் சிவப்பாக இருக்கிற மீனாகக் காட்டி, விலை பேசிவிட்டு அப்புறம் பொரிக்கச் சொல்லுங்கள். நண்டு ரசம், கணவாய்த் தொக்கு கிடைத்தால் விடாதீர்கள். ஊர் திரும்பும்போது ராமநாதபுரத்தில் முண்டு மிளகாய் ஒரு கிலோ வாங்குங்கள். மீன் குழம்புக்கு எங்கள் வீட்டில் வேறு மிளகாய் கிடையாது.