வில்லன் விழுந்த பிறகு: "கொன்றுவிடு" காட்சியை எழுதுவது எப்படி?

என் முதல் சிறுகதையின் வில்லன் கொள்ளிடத்தில் விழுந்து செத்தான். நாயகன் அவனை அடித்து வீழ்த்துகிறான். கூட இருப்பவர்கள் "முடித்துவிடு" என்று கத்துகிறார்கள். நாயகனுக்கு மனம் வரவில்லை, திரும்பி நடக்கிறான். வில்லன் பின்னாலிருந்து பாய்கிறான், கால் இடறுகிறது, ஆறு அவனைக் கொண்டுபோய்விடுகிறது. எழுதி முடித்த பெருமையில் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கதை படிக்கிறவர் அல்லர்; ஐந்து மா நிலமும் ஒரு ஜோடி மாடும் அவருடைய உலகம்.

"இது எந்த மாதத்தில் நடக்கிறது?" என்றார்.

"வைகாசி."

"வைகாசியில் கொள்ளிடத்தில் ஏதடா தண்ணீர்? மேட்டூரைத் திறப்பதே ஜூன் 12. அதற்கு அப்புறமும் கொள்ளிடத்துக்கு மிஞ்சிய தண்ணீர்தான் வரும். உன் ஆள் மணலில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போயிருப்பான்." வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மற்றதையும் சொன்னார். "கொல்ல அவனுக்கும் மனம் வரவில்லை, உனக்கும் மனம் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பழியை ஆற்றின் தலையில் கட்டிவிட்டீர்கள்."

இந்தக் காட்சியைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களின் விரிவுதான். புதிதாக எழுத வருகிறவர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு மாதிரிக் கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போவோம்.

கதை இது. புரட்டாசி, சம்பா நடவு முடிந்த நேரம். வாய்க்கால் முடியும் கடைமடைக் கிராமம் ஒன்றில் தண்ணீர் முறை வைத்து விடுகிறார்கள். மேல்மடையில் இருக்கும் ராசப்பன் இரவோடு இரவாக மதகின் ஷட்டரை இறக்கிப் பூட்டி, முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிறான். அதைத் திறக்கப் போன ஒருவரை அடித்து வாய்க்காலில் தள்ளிவிடுகிறான். செத்தவரின் தம்பி செல்லத்துரை நம் நாயகன். அண்ணனின் மனைவிதான் "கொன்றுவிடு" என்று சொல்லப்போகிறவர்.

படி 1: முதலில் முழுதாகத் தோற்கடியுங்கள்

வில்லனின் கையில் இன்னும் ஒரு கத்தி இருந்தால் அது சண்டை. சண்டையில் கொல்வதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. அவனிடம் ஒன்றுமே இல்லை என்று ஆன பிறகுதான் நம் காட்சி தொடங்குகிறது.

இதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே வாத்தியார். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள தேரழுந்தூரில் பிறந்த கம்பர். முதல் நாள் போரில் தோற்ற இராவணன் ஊர் திரும்பும் பாட்டை எடுத்துப் பாருங்கள். "தோற்றான்" என்று ஒரு சொல்லில் கம்பர் முடிக்கவில்லை. திசையானைகளோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள், நாரதர் மெச்சப் பாடிய நாக்கு, பத்து மகுடம், சங்கரன் கொடுத்த வாள் என்று ஒவ்வொன்றாக எண்ணி, கடைசியில் வீரத்தையும் சேர்த்து, எல்லாவற்றையும் களத்தில் போட்டுவிட்டு "வெறுங்கையோடு இலங்கை புக்கான்" என்கிறார். நகையைக் கழற்றிக் கழற்றித் தராசில் வைப்பதுபோல ஒரு பட்டியல். நீங்களும் உங்கள் வில்லனுக்கு இப்படி ஒரு பட்டியல் போடுங்கள். அவனை வில்லனாக்கிய பொருள்கள் எவை? அவை ஒவ்வொன்றும் இப்போது எங்கே கிடக்கின்றன?

ராசப்பனுக்கு: டார்ச் விளக்கு தண்ணீருக்குள் அணைந்து கிடக்கிறது. அரிவாள் நாணல் புதரில். அவனோடு வந்த இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடி இப்போது செல்லத்துரையின் கையில். ராசப்பன் மதகுக்குக் கீழ்ப்பக்கம், வறண்ட வாய்க்காலின் சேற்றில் இடுப்புவரை புதைந்து, ஒரு கால் முறிந்து நிற்கிறான்.

அவன் நிற்கும் இடத்தை மறந்துவிடாதீர்கள். பிறகு வேலை இருக்கிறது.

படி 2: "கொன்றுவிடு" என்பவருக்கு முழு நியாயத்தையும் கொடுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நாயகனை உயர்த்திக் காட்ட நினைத்து, தூண்டிவிடுகிறவரை ரத்தவெறி பிடித்தவராக எழுதிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு மறுப்புச் சொல்ல என்ன தயக்கம் வேண்டியிருக்கிறது? எதிர்ப்பக்கத் தட்டு காலியாக இருந்தால் தராசு அசையாது.

தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்து நிற்கும் கர்ணன், தர்மத்தை நினைத்துப் பொறு என்று அர்ச்சுனனைக் கேட்கிறான். நியாயமான கோரிக்கை. பக்கத்தில் இருக்கும் கிருஷ்ணன் அதற்குத் தத்துவம் பேசுவதில்லை. பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்தபோது, அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றபோது உன் தர்மம் எங்கே போயிற்று என்று நடந்த சம்பவங்களைக் கணக்குப்பிள்ளை போல வரிசையாகக் கேட்கிறான். அந்தச் சம்பவங்கள்தான் அர்ச்சுனனின் வில்லை வளைக்கின்றன. ஆகவே உங்கள் பாத்திரமும் "அவன் கொடியவன்" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. நாளும் பொருளும் சொல்லிப் பேச வேண்டும்.

வேண்டுமானால் வள்ளுவரையும் அவர் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். கொலையிற் கொடியாரை அரசன் தண்டிப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு நிகர் என்று 550-ஆம் குறள் சொல்கிறது. களைக்கொட்டு பிடித்துக் காய்த்த கைக்கு இதைவிடப் புரிகிற வாதம் கிடையாது. ஆனால் அதே குறளில் நாயகனுக்கும் ஒரு பிடி இருக்கிறது: அங்கே களை எடுக்கிறவன் வேந்தன். செல்லத்துரை வேந்தனா? அவன் பெயரில் பட்டாகூட இல்லை.

நம் அண்ணி பேசுவதை எழுதிப் பார்ப்போம்:

"தம்பி, உங்கள் அண்ணன் கிளம்பும்போது சோறு வைக்கட்டுமா என்று கேட்டேன். ஷட்டரைத் தூக்கிவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்றார். அந்தச் சோற்றில் விட்ட தண்ணீரை மறுநாள் நான்தான் கொட்டினேன். இவன் போலீசுக்குப் போவான், நாலே மாதத்தில் ஜாமீனில் வருவான், தைக்கு அறுவடை செய்வான். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்."

இதில் "கொல்" என்ற சொல் எங்கும் இல்லை. சொல்லாமலே கேட்கட்டும்.

தூண்டுகிறவராக யார் வரலாம் என்பதற்கு ஒரு திருப்பத்தையும் கேளுங்கள். பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளையும் தூக்கத்தில் கொன்ற அசுவத்தாமனை அர்ச்சுனன் கட்டி இழுத்து வருவதாகப் பாகவதத்தில் ஒரு காட்சி. கொன்றுவிடு என்று வீமன் சீறுகிறான். பிள்ளைகளைப் பறிகொடுத்த பாஞ்சாலியோ, விட்டுவிடுங்கள், இவனைப் பெற்றவளும் என்னைப் போல அழ வேண்டாம் என்கிறாள். பெற்ற தாய் விடச் சொல்கிறாள், அவளைப் போலவே ஒரு மகனை இழந்த வீமன் கொல்லச் சொல்கிறான். அந்தக் காட்சியைப் படித்த நாளிலிருந்து, நான் எழுதும் ஒவ்வொரு கதையிலும் இந்தப் பாத்திரங்களை ஒரு தடவை இடம் மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.

படி 3: தயக்கத்தை முன்பே விதையுங்கள்

தயக்கம் உபதேசமாக வரக் கூடாது. "கொலை பாவம்" என்று நாயகன் வாய் திறந்து சொன்னால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அது அவன் தொழிலிலிருந்தோ பழக்கத்திலிருந்தோ பட்ட காயத்திலிருந்தோ வர வேண்டும்.

சோழநாட்டு எயினனூரின் ஏனாதிநாத நாயனார் வாள்வித்தை ஆசான். தொழிற்போட்டியால் பகைத்த அதிசூரன், ஒருமுறை தோற்று ஓடியவன், தனியே சண்டைக்குக் கூப்பிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு வருகிறான். வெட்டு விழப்போகும் நேரத்தில் கேடயத்தை விலக்குகிறான். நீறு கண்ட நாயனார் இனி வெட்டுவதில்லை என்று முடிவுசெய்கிறார். வாளைக் கீழே போட நினைக்கிறார். ஆனால் ஆயுதம் இல்லாதவனைக் கொன்றான் என்ற பழி எதிரிக்கு வந்துவிடக் கூடாதே என்று, வாளையும் கேடயத்தையும் ஏந்தியபடியே நேர் நிற்கிறார். அந்த முடிவில் பக்தி மட்டும் இல்லை, ஒரு வாத்தியாரின் தொழில் ஒழுக்கமும் இருக்கிறது. இவர் வேறு எப்படியும் நடந்திருக்க முடியாது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

செல்லத்துரைக்கு என்ன வைக்கலாம்? அண்ணனின் உடலை வாய்க்காலிலிருந்து தூக்கியது அவன்தான். இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய உடல் எவ்வளவு கனக்கும் என்று அவன் தோள்களுக்குத் தெரியும். இதை இரண்டாம் பக்கத்திலேயே காட்டிவிடுங்கள். அண்ணியைக் கேட்கவைக்கும் அதே சாவு இவனைத் தயங்கவைக்கிறது. இரண்டு பேருக்கும் தனித்தனிக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

படி 4: தப்பிக்கும் வழிகளை அடையுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லன் ஒளித்து வைத்த கத்தியை எடுப்பது, பாம்பு கடிப்பது, சரியான நேரத்துக்குப் போலீஸ் ஜீப் வருவது, மலையுச்சியிலிருந்து தவறி விழுவது எல்லாம் எழுதுகிறவர் கைகழுவுகிற வேலை. தஞ்சாவூர்ச் சமவெளியில் மலைக்கு எங்கே போவார்களோ தெரியவில்லை. ஒரு நண்பர் வைக்கோல் போரிலிருந்து விழவைத்தார்.

படி 5: கையால் செய்கிற ஒரு காரியமாக மாற்றுங்கள்

கொல்வதா விடுவதா என்பது தலைக்குள் ஓடும் வரை கட்டுரை. கைக்கு வந்தால் கதை. ராசப்பன் நிற்கும் இடம் இப்போது உதவுகிறது. ஷட்டர் மூடியிருக்கிறது, அதற்குப் பின்னால் தண்ணீர் நிறைந்து நிற்கிறது, கடைமடையில் நாற்று காய்கிறது. அண்ணி கடைசியாக இதைச் சொல்கிறார்:

"நீங்கள் அவனைத் தொட வேண்டாம், தம்பி. முறைப்படி இன்று நம் தண்ணீர். ஷட்டரை மட்டும் திறங்கள்."

பெரியப்பா திட்டிய அதே தண்ணீர்தான். ஆனால் இம்முறை அதைத் திறந்துவிடும் கைப்பிடி நாயகனின் உள்ளங்கையில் இருக்கிறது.

மூன்றாவது வழி உண்டா என்றும் பாருங்கள். அர்ச்சுனன் அசுவத்தாமனின் முடியை மழித்து, தலையில் பிறந்த மணியைப் பறித்துத் துரத்தினான். உயிரை விட்டுவிட்டு அவனுடைய பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டான். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலில் வேல் வாங்கிப் போகும் முருகன், மாமரமாய் நின்ற சூரனைப் பிளந்து மயிலும் சேவலுமாக்கித் தன்னோடு வைத்துக்கொள்கிறான். மூன்றாவது வழி எளிதாகத் தோன்றினால் அதைச் சந்தேகியுங்கள். தாங்குகிறவனுக்கு அது சாவைவிடக் கனமாக இருக்க வேண்டும்.

படி 6: ரசீதைக் காட்டுங்கள்

எந்த முடிவுக்கும் ஒரு விலை உண்டு. சிவன் காலால் உதைத்து எமனைச் சாய்த்த திருக்கடையூரில், அதன்பின் உலகில் யாரும் சாகவில்லை. பாரம் தாங்காத பூமி முறையிட, எமனை எழுப்பவேண்டியதாயிற்று. திருவிடைமருதூரில் இன்னொரு கதை. குதிரைக் காலில் ஒருவர் மிதிபட்டு இறந்ததால் பிரமஹத்தி பிடித்த வரகுண பாண்டியன் கிழக்கு வாசல் வழியாகக் கோயிலுக்குள் போகிறான். அது வெளியே நிற்கிறது. அவன் மேற்கு வாசல் வழியாகப் போய்விடுகிறான். அது இன்றும் கிழக்கு வாசலில் காத்திருக்கிறது. உங்கள் நாயகனுக்காக எந்த வாசலில் எது காத்திருக்கிறது? அவன் விட்டுவிட்டால், தினமும் அவனுக்குச் சோறு போடுகிற அண்ணி என்ன பேசுவார்? ஒரு பத்தி போதும்.

விடுவது என்று முடிவெடுத்தவர்களுக்குக் கம்பரிடமிருந்து இன்னொன்று. ஆயுதமிழந்த இராவணனிடம் இராமன் "இன்று போய்ப் போர்க்கு நாளை வா" என்று சொல்லும் அதே பாட்டை, இளங்கமுகின் மேல் வாளைமீன் தாவும் கோசல நாட்டு வள்ளல் என்று முடிக்கிறார். கமுகும் வாளையும் காவிரிக்கரையின் காட்சி. ரத்தம் காயாத களத்தில், கருணை பிறக்கும் இடத்தில், ஊர்த் தண்ணீர் கண்ணுக்கு வந்துவிடுகிறது. உங்கள் காட்சியிலும் அந்த நேரத்தில் ஊர் ஒரு வரி எட்டிப் பார்க்கட்டும்.

மாதிரிக் கதையை எழுதி முடித்ததும் பழையபடி பெரியப்பாவிடம்தான் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். மாதம் சரி, முறை சரி என்றார். பிறகு, "அந்த ஷட்டர் முழுதாகத் தூக்க எத்தனை சுற்று?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் மதகுக்குப் போய், அங்கிருந்தவரைக் கெஞ்சி, திருகும்போது கூடவே நின்று எண்ணினேன். பதினேழு.

காட்சியை முதலிலிருந்து திரும்ப எழுதினேன். இப்போது ஒன்பதாவது சுற்றில் ராசப்பன் பேச ஆரம்பிக்கிறான்.