ஜேர்மனியிலிருந்து சுவிஸுக்குக் காரில்: முதல்முறை போகிறவர்களுக்கு

சூரிச்சில் கலியாணம், பேர்ணில் சாமத்திய வீடு என்று அழைப்பு வந்தால் ஜேர்மனியில் இருப்பவர்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம். சுவிஸ் 2008 டிசம்பரில் ஷெங்கனில், அதாவது உள் எல்லைகளில் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லாத நாடுகளின் கூட்டில், சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை. அதனால் எல்லையில் பாஸ்போர்ட் கேட்காமல் விட்டாலும் சுங்கக்காரர் மறிக்கலாம். நம்மவர்கள் மாட்டுப்படுவது பெரும்பாலும் விசாவால் அல்ல, டிக்கியில் இருக்கும் பெட்டியால்தான்.

முதலில் கடதாசிகள்

ஜேர்மன் குடியுரிமை இருந்தால் அடையாள அட்டையே போதும். இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் ஜேர்மன் வதிவிட அட்டையையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். அட்டை மட்டும் காணாது. அகதிகளுக்கான நீலப் பயணப் பத்திரமும் வதிவிட அட்டையும் உள்ளவர்களும் போகலாம். தங்கலாம் என்பது எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள். அசூல் (அகதித் தஞ்ச) வழக்கு முடியாதவர்களும் டுல்டுங்கில் (நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த நிலையில்) இருப்பவர்களும் போக முடியாது. "ஒருத்தரும் பார்க்கமாட்டினம்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகும் உறவினரின் பேச்சைக் கேட்காதீர்கள். கைக்குழந்தைக்கும் தனிப் பத்திரம் வேண்டும்.

அடுத்தது வின்யெட்

சுவிஸ் ஓட்டோபானில் (நெடுஞ்சாலையில்) ஓட ஆண்டு வின்யெட், அதாவது வீதிக் கட்டணம் கட்டியதற்கான அடையாளம், வேண்டும். விலை 40 பிராங். ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு என்று கிடையாது. முந்தைய ஆண்டு டிசம்பர் 1 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 31 வரை, 14 மாதம் செல்லும். 2023 ஓகஸ்டிலிருந்து மின் வின்யெட்டும் உண்டு. கார் இலக்கத்தகட்டை அடித்துச் சுவிஸ் சுங்கத்தின் இணையத்தளத்திலேயே வாங்கலாம். தேடும்போது முதலில் வந்து நிற்கும் சில இடைத்தரகுத் தளங்கள் கூடுதல் காசு பிடுங்கும், பார்த்து வாங்குங்கள். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங் தண்டம், அதோடு வின்யெட்டும் வாங்க வேண்டும்.

இனி டிக்கி

இதைத்தான் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். தீர்வையில்லாமல் இறைச்சி ஆளுக்கு 1 கிலோதான். சுவிஸில் இறைச்சி விலை அப்படி என்பதால் கூலர் பெட்டி நிறைய ஆட்டிறைச்சி கட்டிக்கொண்டு போவோர் உண்டு. நாலு பேர் போகும் காரில் 12 கிலோ இருந்தால் 8 கிலோவுக்குத் தீர்வை. கிலோவுக்கு 17 பிராங் வீதம் 136 பிராங். சொல்லாமல் போய்ப் பிடிபட்டால் தண்டம் வேறு. சமைத்த கறியும் இறைச்சிதான். மீனும் இறாலும் இந்தக் கணக்கில் வராது! வெண்ணெயும் கிறீமும் சேர்த்து 1 கிலோ, சமையல் எண்ணெய் 5 லீட்டர். 17 வயது நிறைந்தவருக்கு 18 சதவீதம் வரையான மது 5 லீட்டர், அதற்கு மேல் கடுமையானது 1 லீட்டர்.

இதோடு பெறுமதிக் கணக்கும் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் ஆளுக்கு 150 பிராங் வரைதான் வரியில்லை, முன்பு 300. தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி: பொதுவாக 8.1, உணவுக்கு 2.6 சதவீதம். பொம்பிளைக்குப் போட வாங்கிய புதுச் சங்கிலியை நாலு பேருக்குப் பங்கு போட்டுக் காட்ட முடியாது, ஒரு பொருள் ஒருவருக்குத்தான். உங்கள் கழுத்தில் நீங்கள் போட்டிருக்கும் நகைக்கு வரியில்லை. அளவு மிஞ்சுகிறதா? புறப்படுமுன் சுவிஸ் சுங்கத்தின் குயிக்சோல் (QuickZoll) செயலியில் அறிவித்துக் கட்டிவிடுங்கள்.

ஓடும்போது

ஊருக்குள் 50, வெளியே 80, ஓட்டோபானில் 120. பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஊருக்குள் 5 கிலோமீட்டர் கூடினாலே 40 பிராங். ராடார் எச்சரிக்கும் செயலிகளை எல்லைக்கு முன்பே நிறுத்திவிடுங்கள், அங்கே தடை. தண்டக் கடிதம் வந்தால் ஜேர்மனியில் என்ன செய்வார்கள் என்று இருந்துவிட முடியாது. 2024 மே முதல் 80 பிராங்கையும் அதற்கு மேற்பட்டதையும் இங்கேயும் அறவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் சுவிஸில் தானாகச் செல்லாது. உங்கள் ஒப்பந்தத்தில் சுவிஸ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டேட்டாவை நிறுத்துங்கள். தட்டையான சார்ஜர் பிளக் அங்கே பொருந்தும்; இங்கத்தைய தடித்த உருண்டைப் பிளக் பொருந்தாது.

திரும்பும்போது

ஜேர்மன் பொலிசார் 2023 ஒக்டோபரிலிருந்து இந்த எல்லையில் ஆட்களை மறித்துப் பார்க்கிறார்கள். பாஸ்போர்ட்டுகளைச் சீலைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். தரைவழியாக வரும் பெரியவர் ஆளுக்கு 300 யூரோ வரையான பொருள் வரியில்லாமல் கொண்டுவரலாம். பில்லுகளைக் கையோடு வைத்திருங்கள்.