ஒளியில் இறுகும் மருத்துவப் பசை: ஆரம்பத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயத்தை ஒட்ட, ஒளி பட்டதும் ஜெல்லாக இறுகும் பசையைச் செய்யும் எங்கள் துறைக்குப் புதிதாக வருபவர்களின் ஆய்வுப் பதிவேட்டைப் புரட்டினால், நாங்கள் முன்பு இடறிய அதே இடங்கள்தான் கண்ணில் படுகின்றன. கையுறை, கண்ணாடி விஷயமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

விளக்கு ஒன்று, தொடக்கி வேறு

ஒளியை உறிஞ்சி இறுகுதலைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருள்தான் தொடக்கி. அதில் ஒன்றான இர்காக்யூர் 2959, 365 நானோமீட்டர் அலைநீளத்திலேயே கொஞ்சம்தான் ஒளியை உறிஞ்சும். 405-இல் அதை நம்பவே முடியாது. பசை இறுகவில்லை என்று தொடக்கியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் செல்கள்தான் சாகும். 405 விளக்குக்கு எல்.ஏ.பி. என்ற தொடக்கி சரி. பச்சை ஒளி என்றால் இயோசின் ஒய் என்ற சாயம், கூடவே துணைக்கு ஒரு அமீன்.

துடைத்துக் காயவைத்த தோலில் சோதனை

வேண்டாம். உடலுக்குள் ஈரமும் இரத்தமும் இருக்கும். இரத்தம் ஒளியையும் விழுங்கும்.

எடையை மட்டும் பார்த்துச் சிதைவைச் சொல்வது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகிறது. ஒரு மாணவி வரைபடம் கொண்டுவந்தார். 37 டிகிரி பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் உப்புக் கரைசல்) நான்கு வாரம் கிடந்தும் ஜெல்லின் எடை பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. "நல்லா நிக்குது சார்" என்றார். ஒரு ஜெல் வில்லையை இடுக்கியால் தூக்கச் சொன்னேன். நுனி பட்ட இடத்திலேயே கூழாகப் பிளந்தது.

காரணம் எளிது. இந்த வகை ஜெல்லில் சங்கிலிகளைக் கட்டிவைத்திருக்கும், நீரில் மெல்ல அறுபடும் எஸ்டர் பிணைப்புகள் உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் அறுபடுகின்றன. ஒரு முனை அறுந்த சங்கிலி மறுமுனையில் இன்னும் கட்டுண்டிருப்பதால் வெளியேறாது. எடை அப்படியே இருக்கும். வலை தளர்ந்து, நீர் ஏறி, பிடிப்பு போயிருக்கும். கடைசியில்தான் எடை மளமளவென்று சரியும். காயத்தின் வாய் அதற்கு எவ்வளவோ முன்பே பிரிந்திருக்கும்.

எடைக் கணக்கிலேயே இன்னும் இரண்டு பொறிகள். முதல் நாள் குறைவது பெரும்பாலும் வினைபடாமல் தங்கிய மூலப்பொருள் கழுவிப்போவது. அது சிதைவே அல்ல. அப்புறம், நீரில் அலசாமல் உலர்த்தினால் பஃபரின் உப்பும் தராசில் ஏறிவிடும்.

பசையால் ஒட்டிய திசுத் துண்டுகளை அதே பஃபரில் போட்டு, இடையிடையே எடுத்து இழுத்துப் பாருங்கள். அதற்கு ஏஎஸ்டிஎம் எஃப்2255 என்ற தரச் சோதனை முறை இருக்கிறது. எடை, வீக்கம், பிடிப்பு மூன்றும் ஒரே வரைபடத்தில் வரட்டும். நிஜத் திசு வாரக்கணக்கில் வைத்தால் அழுகிவிடும். நீண்ட சோதனைக்குக் கொலாஜன் படலம் பரவாயில்லை. பசை ஜெலட்டின் வகை என்றால் வெறும் பஃபர் போதாது, ஜெலட்டினை அறுக்கும் கொலாஜனேஸ் நொதியிலும் பாருங்கள்.

மேற்பரப்பு பிசுபிசுக்கிறதா?

காற்றிலுள்ள ஆக்சிஜன் இறுகுதலைத் தடுக்கிறது. காற்றை விலக்கிப் பாருங்கள்.

கரைந்துவிட்டது என்றால் போய்விட்டது என்று நினைப்பது

மெத்தாக்ரிலேட் (பசையில் ஒளி பட்டதும் ஒன்றோடொன்று இணையும் பகுதி) ஒளியில் கோத்த கார்பன் சங்கிலி நீரில் அறுபடாது. எஸ்டர் அறுந்த பிறகும் அது மிஞ்சும்; சிறுநீரகம் வடிகட்டும் அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் வெளியேறும். தொடக்கியின் அளவும் ஒளியின் செறிவும் அந்தச் சங்கிலியின் நீளத்தை மாற்றும். அதனால் சிதைந்த கரைசலைக் கொட்டிவிடாதீர்கள். அதில் மிஞ்சியதன் மூலக்கூறு எடையை அளந்து, அதே கரைசலைச் செல்களுக்கும் கொடுத்துப் பாருங்கள்.