சாரல் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

ஆனி பிறந்து ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் செங்கோட்டையில் எல்லாருக்கும் சந்தோஷம். வெயில் தணியும், குற்றாலத்தில் தண்ணீர் விழும். என் சர்வீஸ் கடை மேஜையில் சிபியுக்கள் வரிசை கட்டும். "அண்ணாச்சி, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிச்சு. காலையில போட்டா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலை." ஆனி, ஆடி இரண்டு மாதமும் இதே வார்த்தைதான். புளியரையிலிருந்து, பண்பொழியிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை எஸ்டேட்டிலிருந்துகூட வருவார்கள்.

அதில் பல சிபியுக்களுக்கு நான் ஒரு பாகமும் மாற்றுவதில்லை. ரேம் என்ற நினைவகப் பட்டையைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுகிறேன், ஓட ஆரம்பித்துவிடுகிறது. இதற்காக ஒருவர் மழையில் பஸ் பிடித்து, சிபியுவைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியதை எழுதி வைத்தால் என்ன என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஃபேன் சுற்றியும் ஸ்கிரீன் வராவிட்டால்

முதலில் மானிட்டர் வயரைப் பாருங்கள். அது சரியாக இருந்து, சிபியு நீளமாக விட்டு விட்டுப் பீப் அடித்தால் அநேகமாக ரேம்தான். அதன் அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை இருக்கும். அதிலும் அது உட்காரும் ஸ்லாட்டிலும் தூசியும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலம் படிந்துவிடுகிறது, தொடர்பு விட்டுப்போகிறது.

ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பக்கத் தகரத்தை இழுங்கள். எதையும் தொடுவதற்கு முன்னால் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத தகரத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமுக்குப் போகாமல் அங்கே இறங்கிவிடும். ரேமின் இரண்டு முனையிலும் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாக எழும்பும். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், பல்லில் விரல் படக்கூடாது. மெடிக்கல் ஷாப்பிலோ எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்துத் துடைப்பது நல்லது. அது கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால், அழுத்தாமல், ஒரே திசையில் நாலு இழுப்பு. ரப்பர் துகளைப் பிரஷால் தட்டிவிட்ட பிறகுதான் மாட்ட வேண்டும். ரேமின் நடுவில் ஒரு வெட்டு இருக்கும், ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு அது பொருந்த வேண்டும். பொருந்தியதும் இரண்டு முனையையும் கட்டைவிரலால் அமுக்குங்கள், 'டக்' என்று கிளிப் தானாக மூடும். இரண்டு பக்கமும் அந்தச் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் ஏறாத ரேமோடு கரண்ட் கொடுத்து எல்லாப் பாகமும் உட்காரும் பெரிய போர்டான மதர்போர்டையே கருக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திறந்தது திறந்தாயிற்று, ஃபேனையும் பாருங்கள். இங்கே தூசி தூசியாக இருப்பதில்லை. ஈரத்தோடு சேர்ந்து ப்ராசஸர் ஃபேனுக்கு அடியில் இருக்கும் அலுமினிய இதழ்களுக்குள் கம்பளித் துணிபோல அடைத்துக்கொள்கிறது. நான் ஒரு தடவை அப்படியே முழுதாக உரித்தெடுத்தேன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வந்தது. அந்த மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக அணைகிறது, வைரஸ்தான் என்று கொண்டுவந்தார்கள். சூடு தாங்காமல் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. பெயிண்ட் பிரஷும் ப்ளோயரும் போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். ஈரத்துணி வேண்டாம். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே வரும் சூடே ஈரத்தை விரட்டும்.

பின்பக்கம் கார்டு இல்லாத இடங்களில் திறந்துகிடக்கும் சந்துகளை மூடிவிடுங்கள். கதகதப்புக்குப் பல்லி அந்த வழியாகத்தான் நுழைகிறது. சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய் இரண்டு முனையில் கால் வைத்தால் பல்லியும் போகும், எஸ்எம்பிஎஸ்ஸும் போகும். அதை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. 230 வோல்ட் ஏசி உள்ளே டிசி ஆகும்போது 325 வோல்ட் வரை ஏறும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும். எறும்பு வந்தாலும் மருந்தை உள்ளே அடிக்காதீர்கள். அந்த ஈரம் போர்டைத் தின்றுவிடும்.

தகரத்தில் கை வைத்தால் 'சுர்' என்றால்

இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன், சாதாரணமாக விடாதீர்கள். ஓட்டு வீடுகளிலும் எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயன் வீடுகளிலும் பழைய வயரிங்கில் எர்த் இருப்பதில்லை. இருந்தாலும் மூன்று பின் ப்ளக்கின் தடித்த பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று லைனிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் வந்து எர்த்தில் சேரும். எர்த் இல்லாதபோது கேபினட் அந்த இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட், தகரத்தில் நிற்கும். மிகச் சிறிய கரண்ட்தான், அதனால் 'சுர்' என்பதோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் கேபிள் இணைப்பு உள்ள டிவிக்கு எச்டிஎம்ஐ வயரைச் சொருகினால் மொத்தமும் அந்த வயர் வழியாக இறங்கப் பார்க்கும். போர்ட் கருகி வரும் மெஷின்களுக்கு இதுதான் காரணமாக இருக்கிறது. கசிவு வேறு பெரிய பழுதாலும் வரலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பழைய எர்த் குழி இருந்தால் பங்குனி, சித்திரையில் மண் காய்ந்துவிடும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

அப்புறம் இடி. சாரல் காலத்தைவிட சித்திரைக் கோடை மழையும் ஐப்பசி மழையும்தான் எங்களுக்குப் பயம். பிற்பகலில் மேகம் கறுத்து முதல் இடி தூரத்தில் கேட்டதுமே ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஸ்பைக் கார்டு இருக்கிறதே, யுபிஎஸ் இருக்கிறதே என்று இருக்க வேண்டாம், பக்கத்தில் விழும் இடிக்கு அவை தாங்காது. இன்டர்நெட் பெட்டியிலிருந்து வரும் வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். ஃபைபர் என்பது கண்ணாடி, அதில் கரண்ட் வராது. ஆனால் அந்தப் பெட்டியின் அடாப்டர் வழியாக ஏறி, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் செம்பு வயரில் இறங்கும். மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த பிறகு போட்டால் தேதி பழைய வருஷத்தைக் காட்டும், எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று பயமுறுத்தும். அது வைரஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது. வாட்ச் கடையிலேயே வாங்கி மாற்றித் தேதியைச் சரி செய்தால் போதும்.

டிஸ்க்

புளியரையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகள் கல்யாண போட்டோ எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் அவர் சம்சாரம் தவறிவிட்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டிருக்கும் படம் அதில் மட்டும்தான் இருக்கிறது என்றார். இரண்டு வாரமாக உள்ளே 'டிக்... டிக்' என்று கேட்டதாம், கடிகாரம்போல. மெதுவாக இருக்கிறதே என்று யாரோ சொல்லி டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக்கை ஓட விட்டிருக்கிறார்கள். இராத்திரி முழுவதும் ஓடியிருக்கிறது. என் கைக்கு வரும்போது டிஸ்க் சுற்றி, இரண்டு தடவை தட்டி, நின்றுவிட்டது. நான் மூன்று நாள் பார்த்தேன். ஒரு படமும் வரவில்லை.

அந்த 'டிக்' சத்தம் கேட்ட அன்றே நிறுத்தியிருந்தால் கொஞ்சமாவது எடுத்திருக்கலாம். ஆகவே: சத்தம் கேட்டாலோ, ஃபைல் திறக்க வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பிடித்தாலோ, டிஃப்ராக், ஸ்கேன் எதையும் ஓட்டாதீர்கள். திரும்பக் கிடைக்காதது எதுவோ அதை முதலில் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நீலம் என்றால் நலம், மஞ்சள் வந்தால் அன்றைக்கே காப்பி. சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் இருக்கிறவர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது சத்தம் போடாது, பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு காலையில் காணாமல் போகும். அழித்த ஃபைலை அதிலிருந்து மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கஷ்டம்.

நல்ல பழக்கம் ஒன்றுதான். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி வேண்டும், இரண்டு விதமான இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, மகன் வீட்டிலோ கூகுள் டிரைவிலோ ஒன்று. வெளி டிஸ்க்கைக் காப்பி முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்தால் இடி வந்தால் இரண்டும் போகும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் இரண்டையும் பூட்டும்.

கடையில் கொடுக்கும்போது

நானே கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. உங்கள் போட்டோவையும் பாஸ்வேர்டையும் யாரையும் நம்பி ஒப்படைக்க வேண்டியதில்லை. பழுது எஸ்எம்பிஎஸ்ஸிலோ ஸ்கிரீனிலோ கீபோர்டிலோ இருந்தால், டிஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுங்கள் என்று கேளுங்கள். தர மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள். ஓடுகிற மெஷின் என்றால் பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை அழித்து, ஈமெயிலிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும், உங்களுக்கே தெரியாது. மதர்போர்டு மாற்றியதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். காலேஜ் படிக்கும் பிள்ளை ஒருத்தி புராஜெக்ட் முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டு என் கடை ஸ்டூலில் அழுதது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அவள் மெஷினை முதலில் தொடங்கிய ஈமெயில் எது என்று நினைவுபடுத்த ஒரு சாயங்காலம் ஆயிற்று. அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் கீ இருந்தது, நல்லவேளை. லேப்டாப் நன்றாக ஓடும்போதே அந்தக் கணக்கில் நுழைந்து கீயை ஒரு காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் உறையில் போட்டு வையுங்கள்.

போன் நம்பர் காட்டும் திரை

திடீரென்று ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாக, சைரன் சத்தத்தோடு, 'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று வந்தால் அது பொய். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. அழைத்தால் இனிமையாகப் பேசி தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை இறக்கச் சொல்வார்கள், பிறகு மவுஸ் அவர்கள் கையில். எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். போகாவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அமுக்கி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தெரியாமல் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை இடையில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. இந்த எண் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், தென்மலையில் இருந்து அழைத்தாலும் தென்காசியில் இருந்து அழைத்தாலும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வேறு வழி செய்யாமல் அதிலேயே பேங்க் வேலை பார்க்கிறவர்கள் யோசிக்க வேண்டும். மெஷின் புதுசாக இருந்தால் விண்டோஸ் 11க்கு மாறிவிடலாம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய மெஷினில் வீட்டுக் கணக்கும் டைப்பிங்கும் இன்டர்நெட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள், காசு கிடையாது. ஆனால் போடுவதற்கு முன்னால் அந்த மூன்று பிரதியையும் எடுத்துவிடுங்கள். மாற்றும்போது டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துபோகலாம்.