முள்ளுக் காளானில் தொடங்குங்கள்: சுவிஸ் காடுகளில் ஒக்டோபரும் நவம்பரும்

பீச் (beech) மரங்கள் இலை கொட்டித் தரையெல்லாம் செம்பழுப்பாகக் கிடக்கும் ஒக்டோபர் பிற்பகுதியில், சுவிஸ் காடுகளில் காளான் பருவம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். முதன்முதலாகக் காளான் எடுக்கப் போகிறவருக்கு உண்மையில் இதுவே நல்ல காலம். ஜெர்மனில் ஸெம்மெல்ஸ்டொப்பெல்பில்ட்ஸ் எனப்படும் முள்ளுக் காளான் கடும் உறைபனி விழும்வரை கிடைக்கும்.

இதன் குடை, பேக்கரிப் பணிஸின் மேற்புறத்தைப் போல வெளிர்மஞ்சளாக இருக்கும். ஆனால் நிறத்தை நம்பாமல் புரட்டிப் பாருங்கள். பிற காளான்களில் தாள் தாளாக மடல்கள் இருக்குமிடத்தில், இதில் சில மில்லிமீற்றர் நீள முட்கள் நெருக்கமாகத் தொங்கும்; விரலால் தடவினால் பொலபொலவென உதிரும். ஒன்றைக் கண்டால் அங்கேயே நின்று சுற்றிலும் பாருங்கள், பெரும்பாலும் வரிசையாகவோ வளையமாகவோ முளைத்திருக்கும். முதிர்ந்தவை கசப்பதால், நான் உள்ளங்கையைவிடப் பெரியவற்றை விட்டுவிடுகிறேன்.

மடலுள்ள எதையும் முதல் ஆண்டில் தொடாதிருப்பதே நல்லது. ஓக், பீச் மரங்களின் கீழ் வளரும் பச்சைக் க்னொல்லென்பிளேட்டர்பில்ட்ஸ் என்ற நச்சுக் காளான் உயிரையே பறிக்கக்கூடியது: பச்சை சாயலான குடை, வெள்ளை மடல்கள், தண்டில் வளையம், அடியில் மண்ணுக்குள் ஒரு பை. வைக்கோல் காளானை உண்டு பழகிய ஆசியர்கள் புலம்பெயர்ந்த நாடுகளில் ஏமாந்தது இதனிடந்தான், ஏனெனில் வைக்கோல் காளானுக்கும் அடியில் அதே பை உண்டு. முட்டைப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நத்தை தின்றிருக்கிறதே, வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லையே என்பதெல்லாம் சோதனையே அல்ல. இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

ஆகவே, இனம் உறுதியாகாத காளானைத் தண்டில் வெட்டாமல், கத்தி முனையால் அடியோடு நெம்பி எடுத்துத் தனியாக வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் காளான் வியர்த்து அழுகிவிடும், பிரம்புக்கூடையே ஏற்றது. ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பது கன்டோனுக்குக் கன்டோன் (சுவிஸ் மாநிலம்) மாறுவதால், விதிகளை முன்பே பார்த்துவிடுங்கள். நவம்பர் நடுவில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும்.

வீட்டுக்குப் போகுமுன் உள்ளூர்க் காளான் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். பருவம் முடிய முடிய அவை திறந்திருக்கும் நாள்கள் குறையும். என் முதற்கூடையை அங்கிருந்த அம்மையார் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக முகர்ந்து, பாதியை ஒரு சொல்லும் பேசாமல் குப்பைக்கு ஒதுக்கினார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஒதுக்கியது ஏன் என்று கேட்டபோது அரை மணி நேரம் விளக்கினார்.

உறைந்து இளகிய காளான் கெட்டது, அதை எடுக்க வேண்டாம். நல்லவற்றைத் தூரிகையால் துடைத்து, வெங்காயத்தோடு 15 முதல் 20 நிமிடம் நன்றாக வதக்குங்கள். பச்சையாக ருசி பார்க்கவும் வேண்டாம். கழித்த துண்டுகளை 2 நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள். க்னொல்லென்பிளேட்டர்பில்ட்ஸ் நஞ்சு 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் பேதியுமாக வெளிப்படும், ஈரலைத் தாக்கும். அப்படி நேர்ந்தால் காத்திராமல் 145 என்ற நச்சுத் தகவல் எண்ணை அழைக்கவேண்டும், அப்போது அந்தத் துண்டுகள் மருத்துவருக்குத் தேவைப்படும்.