கோல்கொண்டாவிலிருந்து சவ்மஹல்லா வரை: ஹைதராபாத் வரும் சொந்தங்களுக்கு

ஹைதராபாத் வருகிறோம் என்று ஊரிலிருந்து போன் வந்தால் நான் முதலில் கேட்பது, “எந்தக் கிழமை?” வெள்ளிக்கிழமை சவ்மஹல்லா அரண்மனைக்கு விடுமுறை, சாலர் ஜங் மியூசியமும் மூடியிருக்கும். மெக்கா மசூதியில் தொழுகை நேரம் என்றால் சார்மினார் பக்கம் நகரவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திறந்திருக்கும், ஆனால் பாதி ஊர் கோல்கொண்டா மலைக்கோட்டையில்தான் நிற்கும். திங்களிலிருந்து வியாழனுக்குள் இரண்டு நாள் ஒதுக்குங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் என்றால் இன்னும் நல்லது. ஏப்ரல், மே மாதம் அந்தப் பாறை மேல் குழந்தைகளை ஏற்றிக் கொல்லாதீர்கள்.

எல்லோரும் சார்மினாரில் தொடங்கி, வளையல் வாங்கி, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் கோல்கொண்டாவை எட்டிப் பார்ப்பார்கள். நான் கூட்டிப்போவது நேர்மாறாக. ராஜாக்கள் முதலில் இருந்தது கோட்டையில். அங்கே ஜனம் பெருகி, தண்ணீர் போதாமல் போன பிறகுதான் 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா மூசி நதிக்குத் தென்கரையில் சார்மினாரைக் கட்டி ஊரை எழுப்பினார். அந்த வரிசையில் பார்த்தால் கைடு இல்லாமலே கதை புரியும்.

முதல் நாள் காலை, கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மெஹதிப்பட்டணத்திலிருந்து பஸ் உண்டு, ஆட்டோவும் வரும். பெரும்பாலும் ஃபதே தர்வாஜா வழியாகத்தான் உள்ளே நுழைவீர்கள். பஸ்ஸும் பைக்கும் இடித்துக்கொண்டு போகும் அந்த வாசலை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 1687-இல் எட்டு மாதம் முற்றுகையிட்டும் கோட்டையை உடைக்க முடியாத ஔரங்கசீப்பின் படை, உள்ளே இருந்த ஒரு தளபதி விலைபோனதால் புகுந்தது இதே வாசல் வழியாகத்தான்.

டிக்கெட் எடுத்துப் போனால் பாலா ஹிஸார், அதாவது உள்கோட்டை வாசல். எதிரே குறுக்குச் சுவர் ஒன்று நிற்கும். யானை ஓடிவந்து கதவை முட்ட இடமில்லாமல் செய்த வேலை அது. கதவில் இரும்பு முட்கள். உள்ளே நுழைந்ததும் குவிமாடத்தின் கீழே கைதட்டும் சத்தம் கேட்கும். இங்கே தட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, மலை உச்சி மண்டபத்தில் கேட்கும். சரியாக மாடத்தின் நடுவில் நின்று தட்ட வேண்டும். நாலு அடி தள்ளி நின்று தட்டினால் வெறும் சத்தம்தான். மேலே உட்கூரையை நிமிர்ந்து பாருங்கள், வைரத்தைப் பட்டை தீட்டினாற்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் மேலே போனதும் போன் போட்டு, “இப்போ தட்டு” என்பார்கள். போனைக் காதிலிருந்து எடுத்தால்தான் விளையாட்டு.

அப்புறம் உடனே மேலே ஓடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கீழேயே அரைமணி நேரம் சுற்றுங்கள். இடிந்த சுவர்களுக்குள் சுட்ட மண் குழாய்கள் தெரியும். ஒன்றின் வாயில் அடுத்ததைச் செருகி, சுண்ணாம்பு வைத்துப் பூசியிருப்பார்கள். ஏற்றச் சக்கரங்களால் தண்ணீரைப் படிப்படியாக மலை மேல் தொட்டிகளுக்கு ஏற்றி, அங்கிருந்து இந்தக் குழாய்களில் அரண்மனைக்கும் தோட்டத்துக்கும் இறக்கினார்கள். கோட்டைக்குக் குடிதண்ணீர் கொடுத்த துர்கம் செருவு ஏரி இப்போது ஐடி கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே கேபிள் பாலத்தில் செல்ஃபி எடுப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை.

உச்சிக்குச் சுமார் 360 படி. படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். முட்டி வலி உள்ளவர்கள் ராமதாஸ் சிறை வரை வந்தாலே போதும். என் மாமியார் அதற்கு மேல் வருவதில்லை, எந்தக் குறையும் இல்லை அவருக்கு. நம்மூர் பஜனை மடங்களில் பாடுகிற பத்ராசல ராமதாஸ்தான் இவர். கஞ்சர்ல கோபண்ணா என்று பெயர், தாசில்தார். வசூலித்த வரிப்பணத்தில் ராமருக்குக் கோவில் கட்டினார் என்று கோல்கொண்டாவின் கடைசி ராஜா தானா ஷா காலத்தில் இங்கே அடைத்தார்கள். 12 வருடம் இருந்தார், ராமலட்சுமணரே வந்து பணத்தைக் கட்டி மீட்டார்கள் என்பது கதை. உள்ளே கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் சுவரில் ராமர், சீதை, லட்சுமணர், அனுமார் புடைப்பாகத் தெரிவார்கள். மாமியார் அங்கே நின்று ஒரு கீர்த்தனை பாடிவிட்டுத்தான் வெளியே வருவார்.

மேலே காளி கோவில், மசூதி, மண்டபம். காற்று நன்றாக வரும். இறங்கும் வழி வேறு, செங்குத்தாக இருக்கும். ராணி மஹால் பக்கம் கொண்டுபோய் விடும்.

சாப்பிட்டுவிட்டு, கோட்டையை ஆண்ட குதுப் ஷாஹி ராஜாக்களின் கல்லறைகள், ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். ஆகா கான் அறக்கட்டளை பல வருடம் பழுதுபார்த்த இடம். எனக்குக் கோட்டையைவிட இது பிடிக்கும், கூட்டமும் குறைவு. முகம்மது குலியின் கல்லறைதான் இருப்பதில் பெரியது. உள்ளே பளபளக்கும் கருங்கல்லைப் பார்த்து அதுதான் சமாதி என்று நினைப்போம். உடல் கிடப்பது கீழே நிலவறையில். படிக்கிணறு பாடி பாவோலியைத் தவறவிடாதீர்கள். கடைசி ராஜா தானா ஷாவை மட்டும் இங்கே தேடாதீர்கள். ஔரங்கசீப் அவரைத் தௌலதாபாத் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் சுலபம். காலையிலேயே சார்மினார், வெயில் ஏறினால் கூட்டமும் ஏறும். மேலே போக 149 படி, குறுகலான சுழல் படி, எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சவ்மஹல்லா. இது நிஜாம்கள் காலம், கோல்கொண்டா விழுந்து பல வருடம் கழித்து ஹைதராபாத்தை ஆள வந்தவர்கள். கில்வத் மண்டபத்தில் 19 சரவிளக்குகள், எல்லாம் பெல்ஜியம் கண்ணாடி. பின்னால் பழைய கார்கள் நிற்கின்றன. 1912-இன் மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் முன்னால் பையன்கள் அரைமணி நேரம் நிற்பார்கள். நிஜாம்களின் ஃபலக்னுமா அரண்மனை இப்போது நட்சத்திர ஹோட்டல். அதற்குச் செலவழிக்கும் பணத்துக்கு நான் அவர்களுடைய இன்னொரு பழைய அரண்மனையான புரானி ஹவேலிக்குக் கூட்டிப்போவேன். ஆறாம் நிஜாமின் துணி அலமாரி ஒரு கட்டடத்தின் நீளத்துக்கு ஓடும், அதை அங்கே காசு அதிகம் கொடுக்காமல் பார்க்கலாம்.

நடுவில் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். லாட் பஜாரில் வளையல் வாங்குபவர்கள் இதையெல்லாம் முடித்த பிறகு போகவும். கடைக்காரர் சொல்லும் விலையில் பாதியிலிருந்து தொடங்குங்கள், ஆண்களைத் தூரத்தில் உட்கார வைத்துவிட்டு.